ரெண்டு பேர் வாசித்தால் போதும்

1992 செப்டம்பர். கலிஃபோர்னியாவில் சாண்டா பார்பரா என்ற ஊர். அங்கே ஒரு குருமடத்தின் சிற்றாலயத்தில் இரண்டு பேர் வாத்தியங்களோடு வந்து உட்கார்ந்தார்கள். ஒருவர் அமெரிக்கக் கிடார்காரர் ரை கூடர். இன்னொருவர் ஜெய்ப்பூரைச் சேர்ந்த விஸ்வ மோகன் பட். அதற்கு முன் இருவரும் பார்த்துக்கொண்டதே இல்லை. அறிமுகமாகி ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது, டேப் ஓட ஆரம்பித்துவிட்டது. ஒத்திகை கிடையாது, எழுதி வைத்த ஸ்வரம் கிடையாது. ஒருவர் மொழியில் இன்னொருவருக்கு இலக்கணம் தெரியாது.

அன்றைக்குக் கிடைத்தது நாலே நாலு ட்ராக், மொத்தமே சுமார் 40 நிமிஷம். 'எ மீட்டிங் பை த ரிவர்' என்ற பெயரில் 1993-ல் வெளியாகி, அடுத்த வருடம் கிராமி வாங்கியது. கிராமியை விடுங்கள், அது யார் யாருக்கோ கொடுக்கிறார்கள். ஆல்பத்தைப் போட்டுக் கேட்டால் முதல் இரண்டு நிமிஷத்திலேயே ஒரு விஷயம் புரியும். இரண்டு பேருமே அவசரப்படவில்லை. ஒருவர் ஒரு வாக்கியம் சொல்கிறார், இன்னொருவர் "ம்.." கொட்டுகிறார். கொஞ்ச நேரம் கழித்து "ம்" கொட்டியவர் பேச ஆரம்பிக்கிறார், முன்னவர் கேட்கிறார். திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற இரண்டு பெரியவர்கள் மாதிரி.

(டூயட் ஆல்பம் என்று சொன்னாலும் தபலாவில் சுக்விந்தர் சிங் நாம்தாரியும், தும்பெக் என்ற மத்திய கிழக்குத் தாளவாத்தியத்தில் கூடரின் 14 வயது மகன் யோகிமும் இருக்கிறார்கள். கணக்குப் பார்க்கிறவர்கள் மன்னிக்கவும்.)

இந்த ரெக்கார்டிங்கைச் செய்தவர் கவிச்சந்திரன் அலெக்ஸாண்டர், இலங்கையில் பிறந்தவர். வாட்டர் லில்லி அகூஸ்டிக்ஸ் என்ற சின்ன கம்பெனியின் சொந்தக்காரர். அவருடைய பிடிவாதம் பிரசித்தம். ஆளுக்கொரு மைக் வைத்துத் தனித்தனியாகப் பதிந்து பிறகு கலக்குகிற வேலையே ஆகாது. ஆலன் ப்ளூம்லைன் என்ற ஆங்கிலேய எஞ்சினியர் 1930களில் கண்டுபிடித்த முறைப்படி, ஒரே இடத்தில் ஒன்றை ஒன்று குறுக்காகப் பார்க்கிற இரண்டு மைக். அவ்வளவுதான். அந்த ஆலயத்தின் சுவர் எப்படி எதிரொலிக்கிறதோ அப்படியே டேப்பில் விழும்.

இது ஏதோ டெக்னிக்கல் சமாச்சாரம் என்று தாண்டிப் போகக் கூடாது. இப்படிப் பதிந்தால் ஒருவர் சத்தத்தைப் பிறகு ஏற்றவோ இன்னொருவர் சத்தத்தை இறக்கவோ முடியாது. ஒருத்தர் தப்பு செய்தால் அதை மட்டும் வெட்டி எடுக்க முடியாது. அடுத்தவர் வாசிப்பது கேட்க வேண்டுமென்றால் தன் கையைத் தானேதான் அடக்கிக்கொள்ள வேண்டும். மிக்ஸிங் எஞ்சினியர் செய்ய வேண்டிய வேலையை வாசிக்கிறவர்களின் மரியாதை செய்கிறது.

இரண்டு பேர் சேர்ந்து வாசிக்கிறார்கள் என்றாலே போட்டி என்று நினைக்கிற பழக்கம் நம்மூரில் வேரோடியிருக்கிறது. ஜுகல்பந்தி என்று டிக்கெட் போட்டால் கூட்டம் காத்திருப்பது கடைசி இருபது நிமிஷத்துக்குத்தான். இவர் ஒரு வரி, அவர் அதே வரி, பிறகு அரை வரி, கால் வரி, கடைசியில் தலையை ஆட்டி ஆட்டி இரண்டு பேரும் ஒரே ஓட்டமாக ஓடி முடிக்க, அரங்கமே எழுந்து நிற்கும். இதில் தப்பொன்றும் இல்லை. குறைப்பில் மிருதங்கமும் கஞ்சிராவும் விளையாடுவதைப் பார்த்துச் சிரிக்காத ரசிகர் உண்டா? வெள்ளைக்காரர்களும் இதற்கு விதிவிலக்கு இல்லை. 1980 டிசம்பர் 5 அன்று சான் ஃப்ரான்சிஸ்கோவின் வார்ஃபீல்ட் தியேட்டரில் பாகோ தெ லூசியா, அல் டி மியோலா, ஜான் மெக்லாஃப்லின் மூவரும் வாசித்ததை லட்சக்கணக்கானவர்கள் வாங்கிக் கேட்டார்கள். அதன் முதல் ட்ராக், பாகோவும் டி மியோலாவும் மட்டும் மோதிக்கொள்கிற பதினோரு நிமிஷம், கேட்டால் மயிர்க்கூச்செறியும். கூட்டம் போடுகிற கூச்சலும் சேர்ந்துதான் அந்த ஆல்பம். ஆனால் அது பந்தயம். பந்தயத்தை எத்தனை முறை திரும்பப் பார்க்க முடியும்? யார் ஜெயித்தது என்று தெரிந்த பிறகு?

திரும்பத் திரும்பக் கேட்க முடிகிற டூயட் ஆல்பங்கள் எல்லாவற்றிலும் யாரோ ஒருவர் எங்கோ விட்டுக்கொடுத்திருக்கிறார். அந்த விட்டுக்கொடுத்தலின் சந்தோஷம் காதில் கேட்கிறது.

இதற்கு ஒரு எதிர்க்கட்சி உண்டு, அதில் நியாயமும் உண்டு. "வெள்ளைக்கார ராக் ஸ்டார் ஒருத்தர் ஏதாவது ஒரு ஏழை நாட்டுக் கலைஞரோடு அரை நாள் வாசிப்பார், அட்டையில் தன் பேரை முதலில் போட்டுக்கொள்வார், கிராமி வாங்குவார், இதற்குப் பேர் கூட்டுமுயற்சியா? சுற்றுலா" என்பது அந்தக் கட்சி. அட்டையில் கூடரின் பெயர்தான் முதலில் இருக்கிறது, அதை மறுக்க முடியாது. ஆனால் சாண்டா பார்பராவில் சந்தித்த இருவரும் அவ்வளவு அந்நியர்கள் இல்லை என்பதுதான் வேடிக்கை. தந்தியை விரலால் அழுத்தாமல் அதன் மேல் ஒரு இரும்பையோ கண்ணாடியையோ வழுக்கி வாசிப்பது இருவருக்கும் பொது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஹவாய் தீவுகளில் கிடாரை மடியில் படுக்கப் போட்டு இரும்பால் வாசிக்க ஆரம்பித்தார்கள். 1915-ல் சான் ஃப்ரான்சிஸ்கோவில் நடந்த பெரிய கண்காட்சிக்குப் பிறகு அமெரிக்கா முழுக்க ஹவாய் கிடார் பைத்தியம் பிடித்தது. அதே ஹவாய் கலைஞர்கள் கப்பலேறி கல்கத்தாவரைக்கும் வந்தார்கள். வங்காளப் பாட்டிலும் இந்தி சினிமாவிலும் அந்த வழுக்கல் சத்தம் நுழைந்தது. பிறகு பிரிஜ் பூஷண் காப்ரா அதில் ராகம் வாசித்துக் காட்டினார். பட் இன்னும் ஒரு படி மேலே போய், கிடாரில் சித்தார், சரோத் போல கூடவே அதிரும் தந்திகளைப் பூட்டி மோகன வீணை என்று பெயரும் வைத்தார்.

ஆக அன்றைக்கு நடந்தது சின்ன வயதில் பிரிந்துபோன இரண்டு ஒன்றுவிட்ட சகோதரர்களின் சந்திப்பு. நாலாவதாக அவர்கள் எடுத்துக்கொண்ட மெட்டு 'ஈசா லே', ஃபிஜித் தீவின் விடைகொடுக்கும் பாட்டு. ஜெய்ப்பூர்க்காரருக்கும் லாஸ் ஏஞ்சலஸ்காரருக்கும் நடுவே பசிபிக் கடல் தீவு ஒன்று வந்து உட்கார்ந்ததில் ஒரு நியாயம் இருக்கிறது.

எதிர்க்கட்சிக்கு இன்னொரு புள்ளியையும் விட்டுக்கொடுக்கலாம். இது ஓடியதும் இதே சூத்திரத்தை அந்தக் கம்பெனி மறுபடி மறுபடி செய்து பார்த்தது. பட்டோடு டோப்ரோ கலைஞர் ஜெர்ரி டக்ளஸ், பட்டோடு சீனத்து எர்ஹூ, பட்டோடு தாஜ் மஹால் என்ற பெயருள்ள ப்ளூஸ் பாடகர் (இந்தக் கடைசி ஆல்பத்தில் சித்திர வீணையோடு என். ரவிகிரணும் உண்டு, 1995). எல்லாமே கேட்கத் தகுந்தவைதான். ஆனால் மின்னல் ஒரே மரத்தில் இரண்டு முறை விழவில்லை.

சரி, சந்திப்பு புதுசாக இருந்தால்தான் நன்றாக வருமா என்றால், அதுவும் இல்லை. மாலிக்குப் போக வேண்டும்.

மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் ஜெலி என்று ஒரு குலம் உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் க்ரியோ என்பார்கள். நம்முடைய பாணர்களை நினைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும். அரசர்களின் வம்சாவளியை நினைவில் வைத்திருப்பதும், புகழ்ந்து பாடுவதும், சண்டை வந்தால் நடுவே நின்று சமாதானம் பேசுவதும் அவர்கள் தொழில். துமானி ஜபாத்தே அந்தக் குலம். அப்பாவிலிருந்து மகனுக்கு என்று 71 தலைமுறையாகக் கோரா வாசிக்கும் குடும்பம் என்பார். (அவ்வளவையும் யார் எண்ணினார்கள் என்றெல்லாம் கேட்கக் கூடாது. எண்ணுவதுதானே அவர்கள் குலத்தொழில்!) கோரா என்பது பெரிய சுரைக்குடுக்கையைப் பாதியாக வெட்டி, மாட்டுத்தோல் போர்த்தி, 21 தந்தி கட்டிய வாத்தியம். இரண்டு கையிலும் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், மொத்தம் நாலே விரல்தான் வேலை செய்யும். அந்த நாலு விரலில் அடித்தளமும் மெட்டும் அலங்காரமும் ஒரே ஆள் வாசிப்பது முதல் முறை கேட்பவர்களுக்கு நம்பவே முடியாது.

அலி ஃபர்கா தூரே வேறு ஜாதி. வடக்கே நைஜர் ஆற்றங்கரையில் நியாஃபுன்கே என்ற ஊர், விவசாயி, பெருங்குடி. அந்தச் சமூகத்தில் பெருங்குடியில் பிறந்தவர் வாத்தியத்தைத் தொடுவதே குடும்பத்துக்குப் பிடிக்காத காரியம். அதை மீறிக் கிடாரைத் தொட்டவர். 2004-ல் ஊருக்கு மேயரும் ஆனார். இதே ரை கூடரோடு சேர்ந்து வாசித்து 1994-ல் வெளிவந்த 'டாக்கிங் டிம்பக்டு' கிராமி வாங்கியிருந்தது. உலகம் முழுக்க அவருக்குப் பெயர், ஆனால் மேடையில் அவர்தான் மையம், மற்றவர்கள் சுற்றி.

அலி 1939-ல் பிறந்தவர். துமானி 1965. இருபத்தாறு வயது வித்தியாசம். பமாகோ நகரத்தில் ஆற்றைப் பார்த்த மாதிரி இருக்கும் மாந்தே ஹோட்டலின் மேல்மாடியைத் தற்காலிக ஸ்டூடியோ ஆக்கி (மறுபடியும் ஆறு!), இருவரையும் உட்கார வைத்தார் வேர்ல்ட் சர்க்யூட் கம்பெனியின் நிக் கோல்ட். இரண்டிரண்டு மணி நேரமாக மூன்றே அமர்வு. ஒத்திகை இல்லை, பெரும்பாலும் முதல் டேக்தான். 'இன் த ஹார்ட் ஆஃப் த மூன்' என்று 2005-ல் வந்தது.

கேட்டுப் பார்த்தால் ஆச்சரியம் என்னவென்றால், அலி முன்னால் வரவே மாட்டேன் என்கிறார். ஒரு சின்னச் சுழற்சியை எடுத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்ப வாசிக்கிறார், நிதானமாக, மாவு பிசைகிற மாதிரி. அதன் மேல் துமானியின் கோரா மழைச்சாரலாகத் தெறிக்கிறது. நம் கச்சேரி பாஷையில் சொன்னால் அலி பக்கவாத்தியம். அறுபதைத் தாண்டிய, உலகப் புகழ் பெற்ற, பெருங்குடி மனிதர், தன் மகன் வயதிலிருக்கும் பாணனுக்குப் பக்கவாத்தியம் வாசிக்கிறார். அந்த ஊர்க் கணக்கில் பாணன்தான் பெருங்குடிக்கு வாசிக்க வேண்டும்! இந்தத் தலைகீழ் மாற்றத்தை யாரும் அறிவிக்கவில்லை, பேட்டி கொடுத்து விளக்கவில்லை. சும்மா வாசித்துவிட்டுப் போனார்கள். பாணனும் தன் கடமையை மறக்கவில்லை. நாலாவது ட்ராக்கின் பெயரே 'நியாஃபுன்கேயின் மேயர் ஐயா'. சொல்லே இல்லாத புகழ்ப்பாட்டு.

இதில் ரை கூடரும் சில இடங்களில் கூட வாசித்திருக்கிறார். எங்கே என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். 1992-ல் கற்ற அடக்கம் வீணாகவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

2005-ல் லண்டனில் மூன்று மதியப்பொழுதுகள், மறுபடி இருவரும் உட்கார்ந்தார்கள். அப்போது அலிக்கு எலும்புப் புற்றுநோய். 2006 மார்ச்சில் அவர் இறந்துவிட்டார். அந்தப் பதிவு 'அலி அண்ட் துமானி' என்று 2010-ல்தான் வெளிவந்தது. அதில் பாஸ் வாசித்த கியூபாக்காரர் கச்சாயித்தோ லோபஸும் ஆல்பம் வருவதற்கு முன் வருடம் போய்விட்டார். இதெல்லாம் தெரிந்துகொண்டு கேட்டால் சோகமாக இருக்கும் என்று பயந்து போட்டால், ஏமாற்றம். அந்த ஆல்பத்தில் சோகமே இல்லை. அலியின் கிடார் முன்னைவிடக் கொஞ்சம் மெதுவாக நடக்கிறது, அவ்வளவுதான். துமானி அதற்கேற்ப நடையைக் குறைத்துக்கொள்கிறார். வயதான அப்பாவோடு தெருவில் நடக்கிற மகன் தன்னையறியாமல் நடையைக் குறைத்துக்கொள்வானே, அது. முதல் ஆல்பத்தில் பெரியவர் விட்டுக்கொடுத்தார், இரண்டாவதில் சின்னவர். இரண்டில் எது உயர்ந்தது என்று கேட்டால் இரண்டாவதுதான், சந்தேகமே வேண்டாம். முதலாவதுதான் அதிகம் பேசப்படுகிறது, அது உலக வழக்கம்.

ஜாஸ் ரசிகர்கள் இந்நேரம் முணுமுணுக்க ஆரம்பித்திருப்பார்கள், "பில் எவன்ஸும் ஜிம் ஹாலும் எங்கே?" என்று. வருகிறார்கள். 1962-ல் வந்த 'அண்டர்கரன்ட்'. ஹாலின் கிடார் எலெக்ட்ரிக், ஆகவே கறாராகப் பார்த்தால் இந்தப் பந்தியில் இலை கிடையாது. ஆனால் 'மை ஃபன்னி வாலன்டைன்' மெட்டில் பியானோ ஓடும்போது, பின்னால் ஹால் தந்திகளை உரசி உரசியே டிரம்ஸ் இல்லாத குறையைத் தீர்க்கிறார் பாருங்கள், அங்கே கரண்டே தேவைப்படவில்லை. அதற்கு முந்தைய வருடம் ஜூலையில்தான் எவன்ஸின் பாஸ் கலைஞர் ஸ்காட் லஃபாரோ கார் விபத்தில் 25 வயதில் இறந்திருந்தார். எவன்ஸ் சில மாதம் வாசிப்பதையே நிறுத்தியிருந்தார். திரும்பி வந்தவர் பாஸே இல்லாத ஒரு ஆல்பம் செய்தார். காலியான நாற்காலியைக் காலியாகவே விட்டுவிட்டு வாசித்த மாதிரி.

இதுவரை சொன்னதற்கெல்லாம் குறுக்கே நிற்கிற ஒரு ஆல்பமும் இருக்கிறது. அதை மறைத்தால் யோக்கியமாக இருக்காது. சார்லி ஹேடனும் பேட் மெத்தெனியும் 1997-ல் வெளியிட்ட 'பியாண்ட் த மிசூரி ஸ்கை'. இதில் மெத்தெனி ஒரே கிடாரோடு நிற்கவில்லை. மேலே மேலே கிடார்களை அடுக்கியிருக்கிறார், சில இடங்களில் சிந்தசைஸரும் உண்டு. ஒரே அறை, இரண்டு மைக், முதல் டேக் என்ற சித்தாந்தப்படி இது தேறவே கூடாது. ஆனால் தேறுகிறது, முதல் வகுப்பில்.

காரணம் ஹேடன்தான். மிசூரியில் வளர்ந்தவர், இரண்டு வயது நிறைவதற்குள் குடும்பத்தின் வானொலி நிகழ்ச்சியில் பாடியவர். பதினைந்து வயதில் போலியோ தாக்கிக் குரல் போனது, அதன்பின் பாஸை எடுத்தார். (துமானிக்கும் சிறுவயதில் போலியோ. அவருக்குக் கால்.) பாட முடியாமல்போன ஒருவர் பாஸில் பாடுகிறார் என்பது கேட்பவர்களுக்குத் தெரிந்துவிடும். வேகமே இல்லை. ஒரு ஸ்வரத்தை வாசித்துவிட்டு அது முழுக்க அடங்கும்வரை காத்திருக்கிறார். அம்மா பாடிய நாட்டுப்பாட்டு, மகன் ஜாஷ் எழுதிய 'ஸ்பிரிச்சுவல்', மனைவிக்கு எழுதிய வால்ட்ஸ் என்று தன் வீட்டையே கொண்டுவந்து வைத்திருக்கிறார். மெத்தெனியும் அதே மிசூரி மண்ணில் பிறந்தவர், ஹேடனைவிட பதினேழு வயது இளையவர். அத்தனை கிடார் அடுக்கியும் ஒன்றுகூட பாஸுக்கு மேலே ஏறி நிற்கவில்லை. ஆக விஷயம் மைக்கில் இல்லையோ என்று தோன்றுகிறது. இரண்டு மைக் முறை விட்டுக்கொடுத்தலைக் கட்டாயமாக்குகிறது. மெத்தெனி கட்டாயம் இல்லாமலே செய்தார்.

இப்போது கூட்டிசை என்பது பெரும்பாலும் ஃபைல் அனுப்புவது. சென்னையில் ஒருத்தர் கிடார் வாசித்து அனுப்ப, டொரண்டோவில் ஒருத்தர் அதன் மேல் புல்லாங்குழல் வாசித்து அனுப்புகிறார். 2020-ல் எல்லோரும் வீட்டுக்குள் அடைபட்டபோது இதைவிட்டால் வழியும் இல்லை. நல்ல பாட்டுகளும் வந்தன, குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஏற்கெனவே பதிந்த கிடார், புல்லாங்குழல் என்ன சொன்னாலும் மாறப்போவதில்லை. அது கேட்காது. கேட்காத ஒருத்தரோடு பேசுவதற்கு நம் வீடுகளில் வேறு பெயர் வைத்திருக்கிறார்கள் :-)

மாலிக்கே திரும்பலாம். 1970-ல் சிதிகி ஜபாத்தே, ஜெலிமூசா சிஸோகோ என்ற இரண்டு கோரா மேதைகள் 'பழைய தந்திகள்' என்ற பொருளில் ஒரு தட்டில் சேர்ந்து வாசித்தார்கள். இருவர் வீடும் பமாகோவில் அடுத்தடுத்து. அவர்களுடைய பிள்ளைகள் துமானியும் பாலாகே சிஸோகோவும் சுவருக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமுமாக வளர்ந்தார்கள். 1997 செப்டம்பர் 22, மாலியின் சுதந்திர தினத்தன்று ராத்திரி, பளிங்குத் தரை போட்ட ஒரு மண்டபத்தில் அந்த இரண்டு பிள்ளைகளும் உட்கார்ந்து ஒரே இரவில் 'நியூ ஏன்ஷியன்ட் ஸ்ட்ரிங்ஸ்' ஆல்பத்தைப் பதிந்தார்கள். 42 தந்தி. எது யாருடையது என்று ஒரு கட்டத்துக்கு மேல் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றாது.

துமானிக்கு அவர் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பாடம் சொல்லித்தந்தது கிடையாது. கேட்டே கற்றுக்கொண்டவர். தன் மகனுக்குத் தாத்தா பெயரையே வைத்தார், சிதிகி. அந்தப் பையன் மாலியில் ஹிப்ஹாப் நட்சத்திரம், ஸ்டேடியம் நிரப்புகிற ஆள். 2014-ல் அப்பாவும் மகனும் இரண்டு கோராவோடு மட்டும் உட்கார்ந்து ஒரு ஆல்பம் செய்தார்கள். அதில் 'லாம்பதூசா' என்று ஒரு ட்ராக். 2013 அக்டோபரில் இத்தாலியின் அந்தத் தீவுக்குப் பக்கத்தில் ஒரு படகு மூழ்கி, பிழைப்புத் தேடிப் போன ஆப்பிரிக்கர்கள் 360 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அதற்காக வாசித்தது. பாணன் வேலைதான், ஆனால் இந்த முறை புகழ்வதற்கு அரசன் யாரும் இல்லை. ஒரு கோரா அலை மாதிரி போய்ப் போய் வருகிறது, இன்னொன்று மேலே மிக மெதுவாக ஏதோ சொல்லப் பார்க்கிறது, பாதியில் நிறுத்திக்கொள்கிறது, மற்றது அந்த இடத்தை நிரப்பாமல் அப்படியே விட்டுவிடுகிறது.

துமானி 2024 ஜூலை 19 அன்று இறந்தார். வயது 58. எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்பவர்கள் லாம்பதூசாவைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். முதலில் 'இன் த ஹார்ட் ஆஃப் த மூன்', அதில் முதல் ட்ராக் 'தெபெ'. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, மின்விசிறியை நிறுத்திவிட்டு.